யாரிடம் போய்க் கேட்பது?

2019 பிப்ரவரி 13-ஆம் தேதி புதுச்சேரி முதலமைச்சர் நாராயணசாமி கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஆளுநர் மாளிகைக்கு எதிரே தெருவில் உட்கார்ந்தார். கூடவே அமைச்சர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் உட்கார்ந்தார்கள். இரவுப் படுக்கையும் அங்கேதான். பிரெஞ்சு கவர்னர்கள் குடியிருந்த அந்த மாளிகையில் அப்போது துணைநிலை ஆளுநராக இருந்தவர் கிரண் பேடி. மக்கள் நலத் திட்டக் கோப்புகளை அவர் கிடப்பில் போடுகிறார், திருப்பி அனுப்புகிறார் என்பது முதலமைச்சரின் புகார். நீளமான அந்தக் கோரிக்கைப் பட்டியலில் ஏழைகளுக்கான இலவச அரிசியும் இருந்தது. 18-ஆம் தேதி இரவு பேச்சுவார்த்தைக்குப் பிறகு போராட்டம் முடிந்தது. அரிசி விவகாரம் முடியவில்லை.

யார் பக்கம் நியாயம் என்ற சண்டையைக் கட்சிக்காரர்கள் அன்றே போட்டு முடித்துவிட்டார்கள். அதில் புதிதாகச் சேர்க்க ஒன்றுமில்லை. அந்தக் காட்சி எழுப்பிய வேறொரு கேள்விதான் இன்னும் அப்படியே நிற்கிறது. ஓட்டுப் போட்டு உட்கார வைத்த முதலமைச்சரே தெருவில் உட்கார்ந்துதான் கேட்க முடியும் என்றால், முத்தியால்பேட்டையிலோ வாணரப்பேட்டையிலோ வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கான சிவப்பு ரேஷன் கார்டு வைத்திருக்கிற ஒரு வீட்டுப் பெண்மணி, இந்த மாத அரிசி என்னாயிற்று என்று யாரிடம் போய்க் கேட்பார்? ஒரு குடும்பத்தின் சோற்றைத் தீர்மானிக்கிற அதிகாரம் அந்தக் குடும்பத்தின் குரல் எட்டாத தூரத்தில் இருப்பது அறமா? தீர்மானம் நல்லதாகவே இருந்தாலும் அது சரியாகுமா?

நடந்ததை முதலில் பார்த்துவிடலாம். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், முன்னுரிமைக் குடும்பங்களில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியத்தை உரிமையாக்கியது. தானியத்துக்குப் பதிலாகப் பணத்தை வங்கிக் கணக்கில் போடலாம் என்று 2015 ஆகஸ்டில் மத்திய அரசு விதி வகுத்தது. அடுத்த மாதமே சண்டிகரிலும் புதுச்சேரியிலும் அது நடைமுறைக்கு வந்தது. 2016-இல் தாத்ரா நாகர் ஹவேலியின் நகரப் பகுதியும் சேர்ந்தது. மூன்றுமே யூனியன் பிரதேசங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாடு போன்ற ஒரு மாநிலம், கார்டு வைத்திருக்கும் எல்லோருக்கும் அரிசிதான் என்று தன் முடிவைத் தானே எடுத்துக்கொள்ள முடிந்தது. கோரிமேட்டைத் தாண்டினால் விழுப்புரம் மாவட்டம். அங்கே ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைத்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் குடியிருப்பவர் வங்கி வாசலுக்குப் போக வேண்டியதாயிற்று. ஒரே தெருவின் இரு முனைகளில் இருப்பவர்களுக்கு இருவேறு சட்டம் இருப்பது இந்தப் பகுதிக்குப் பழக்கம்தான். ஆனாலும் சோதனை செய்து பார்க்க எந்த ஊர் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது தற்செயல் அல்ல. மறுத்துப் பேசும் பலம் குறைந்த இடத்தில்தான் சோதனை சுலபம்.

மத்தியச் சட்டத்தின் தானியம் ஒருபுறமிருக்க, புதுச்சேரி அரசுக்குச் சொந்தமாக ஓர் இலவச அரிசித் திட்டமும் உண்டு. சிவப்பு கார்டுக்கு மாதம் 20 கிலோ, மற்றவர்களின் மஞ்சள் கார்டுக்கு 10 கிலோ. அதையும் பணமாக்க வேண்டும் என்றார் ஆளுநர். அரிசியாகவே தர வேண்டும் என்றது அமைச்சரவை. 1963-ஆம் ஆண்டின் யூனியன் பிரதேசங்கள் அரசுச் சட்டப்படி, இருவருக்கும் கருத்து வேறுபாடு வந்தால் விஷயம் குடியரசுத் தலைவருக்குப் போகும். நடைமுறையில் அது மத்திய உள்துறை அமைச்சகம். பணம்தான் என்றது டெல்லி. கிலோ 30 ரூபாய் கணக்கில் சிவப்பு கார்டுக்கு 600 ரூபாய், மஞ்சள் கார்டுக்கு 300 ரூபாய். முதலமைச்சர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். 2020-இல் மனு தள்ளுபடியானது. ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தன. கடை ஊழியர்கள் மாதக்கணக்கில் சம்பளம் வராமல் போராடிக்கொண்டிருந்தார்கள்.

பணமாகத் தர வேண்டும் என்ற தரப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. ரேஷன் அரிசியின் கதை ஊருக்கே தெரியும். டெண்டரில் தொடங்கி எடைக்கல் வரைக்கும் வழியெல்லாம் கை நீட்டுபவர்கள் இருந்தார்கள். மூட்டையில் வண்டும் கல்லும் வந்தன. கடை என்றைக்குத் திறக்கும் என்று தெரியாமல் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் காத்திருந்த பெண்கள் உண்டு. பணம் நேராகக் கணக்கில் விழுந்தால் நடுவில் திருட ஆளில்லை. என்ன அரிசி சாப்பிடுவது, அரிசியா மருந்தா என்பதை அந்தக் குடும்பமே முடிவு செய்துகொள்ளும். ஏழைக்கு எது நல்லது என்று ஏழைக்கே தெரியும் என்ற நம்பிக்கை இந்த வாதத்துக்குள் இருக்கிறது. மதிக்க வேண்டிய நம்பிக்கை அது. நிதி ஆயோக் கேட்டுக்கொண்டதன் பேரில் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் இந்த மூன்று பிரதேசங்களிலும் சுற்றுச் சுற்றாக வீடுகளில் விசாரித்தார்கள். நாளாக ஆகப் பணமே பரவாயில்லை என்றவர்களின் எண்ணிக்கை கூடியது என்பதையும் அவர்கள் பதிவு செய்தார்கள்.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. பணம் அனுப்பியாயிற்று என்று அரசு ஏடு சொல்கிறது. வந்ததா என்றே பலருக்குத் தெரியவில்லை. வந்தவர்களிலும் பலர், முன்பு கடையில் வாங்கிய அதே அளவு தானியத்தை வெளிச்சந்தையில் வாங்கக் கைக்காசைக் கூடுதலாகப் போட வேண்டியிருந்தது.

இந்த இடத்தில்தான் அறக்கணக்கு மாறுகிறது. 20 கிலோ அரிசியும் 600 ரூபாயும் சமம் என்பது விலை ஏறாத வரைக்கும்தான். அரிசியாகக் கொடுத்தால் சந்தை விலை ஏறும்போது அந்தச் சுமை கொடுக்கிறவர் தலையில். பணமாகக் கொடுத்தால் அது வாங்குகிறவர் தலையில். 30 ரூபாய்க்கு வீட்டில் பொங்குகிற பொன்னி அரிசி கிடைக்காத நாளில், குடும்பம் அளவைக் குறைக்கும், அல்லது மட்டமான அரிசிக்கு இறங்கும். அரசின் ஏட்டில் எதுவும் மாறியிருக்காது. 600 ரூபாய் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கும். அரிசி மூட்டை வீட்டுக்கு வந்தால் அது அடுப்படிக்குத்தான் போகும். ஏடிஎம் அட்டை யார் சட்டைப்பையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பணம் எங்கும் போகலாம். சாராயக்கடைக்குக் குறைவில்லாத ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை.

இத்தனையும் சேர்த்து எடை போட்டாலும் பணமா அரிசியா என்பது நல்ல மனிதர்கள் இரண்டு பக்கமும் நின்று வாதிடக்கூடிய விஷயம்தான். தவறு அதில் இல்லை. ரேஷன் கடைக்கு ஒரு கதவு இருந்தது. உள்ளே ஓர் ஆள் இருந்தார். எடை குறைந்தால் அவரைப் பிடித்துச் சத்தம் போடலாம், நாலு பேர் கூடிவிடுவார்கள், தொகுதி எம்.எல்.ஏ. வந்து நிற்பார், அவர் வரவில்லையென்றால் அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்ளலாம். மோசமான ஏற்பாடுதான். ஆனால் கேள்விக்கு உட்பட்ட ஏற்பாடு. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கேள்வி கேட்க எந்த வழியையும் வைக்கவில்லை. சட்டத்தில் குறைதீர்ப்பு அலுவலர் என்று இருக்கலாம். கூலி வேலைக்குப் போகிறவர் கண்ணில் படாத அலுவலர் அவருக்கு இல்லாதவர்தான்.

புதுச்சேரிக்கு இந்தத் தூரம் கூடுதலாகவே வலிக்கக் காரணம் உண்டு. 1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள்; 170 பேர் இந்தியாவோடு இணையலாம் என்றார்கள். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கை மாறியது. வாக்கெடுத்துச் சேர்ந்த ஊர் இது. அந்த ஊரின் சட்டமன்றத்தில் இன்று 30 பேரை மக்கள் தேர்ந்தெடுக்க, மூன்று பேரை மத்திய அரசு நியமிக்கிறது. அதற்குப் புதுச்சேரி அமைச்சரவையைக் கேட்க வேண்டியதில்லை என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 543 பேர் உட்கார்கிற மக்களவையில் புதுச்சேரிக்கு ஒரே இடம். நிதிக்குழுவின் வரம்புக்குள்ளும் புதுச்சேரி வராது. மாநிலங்கள் வரிப் பங்கை உரிமையாகப் பெறும்போது புதுச்சேரி மானியத்துக்குக் காத்திருக்கிறது. தனி மாநிலத் தகுதி வேண்டும் என்று சட்டமன்றம் எத்தனையோ முறை தீர்மானம் போட்டுவிட்டது. ஒருமுறை சம்மதம் கேட்டுச் சேர்த்துக்கொண்டவர்களைப் பிறகு சம்மதம் கேட்காமலே நடத்தலாம் என்பதற்கு அரசியல் சட்டத்தில் இடமிருக்கலாம். அறத்தில் இடமில்லை.

வங்கிக்கு வருவோம். உணவுக்கான பணம் வங்கி வழியாக வர வேண்டும் என்று அரசு சொன்ன பிறகு, வங்கி வெறும் வியாபாரக் கடை அல்ல. ரேஷன் கடையின் வேலையில் பாதியை அது ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் நடந்ததோ வேறு. 2017 ஏப்ரலில் பாரத ஸ்டேட் வங்கி, சில ஆண்டுகளாக நிறுத்தி வைத்திருந்த குறைந்தபட்ச இருப்பு அபராதத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. நகர்ப்புறக் கிளைகளில் கணக்கில் சராசரியாக 3,000 ரூபாய் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிடித்தம்.

பாஸ்புக்கின் ஒரு பக்கத்தை நினைத்துப் பார்க்கலாம். கிளையின் மூலையில் இருக்கிற பதிவு மெஷினில் புத்தகத்தைச் செருகினால் கரகரவென்று ஓடி வெளியே தள்ளும். மங்கலான மையில் வரிகள். வரவுப் பத்தியில் 600. இரண்டு வரி கீழே பற்றுப் பத்தியில் 59. பக்கத்தில் ஆங்கில எழுத்துகளில் ஏதோ சுருக்கம். அதை யாரும் படித்துச் சொல்ல மாட்டார்கள். 50 ரூபாய் அபராதம் என்றால் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 9 ரூபாய், ஆக 59. கணக்கில் பணம் இல்லாததற்கு வங்கி ஒரு தொகை எடுக்கிறது. எடுத்த தொகைக்கு அரசு வரி வாங்குகிறது. சோற்றுக்கென்று ஒரு கையால் கொடுத்த அரசுக்கே மறு கையால் அதிலிருந்து ஒரு பங்கு திரும்பிப் போகிறது. இதை யாரும் உட்கார்ந்து கொடூரமாகத் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். ஒருவரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். யோசிக்க வேண்டிய கடமை உள்ளவர்கள் யோசிக்காமல் விட்டதும் குற்றம்தான்.

2017 ஏப்ரல் முதல் நவம்பர் வரை அந்த ஒரு வங்கி இந்த வகையில் வசூலித்தது 1,771 கோடி ரூபாய். அதே ஆண்டின் ஜூலை–செப்டம்பர் காலாண்டில் அது ஈட்டிய லாபத்தைவிட அதிகம். கண்டனம் எழுந்தது. அக்டோபரில் ஓய்வூதியர்களுக்கும் அரசின் சமூக நல உதவி பெறுவோருக்கும் விலக்கு தந்தார்கள். 2018 ஏப்ரலில் அபராதத்தைக் குறைத்தார்கள். 2020 மார்ச்சில் எடுத்தே விட்டார்கள். மற்ற பொதுத்துறை வங்கிகள் தொடர்ந்தன. 2019–20 முதல் ஐந்து ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் இப்படிப் பிடித்தது ஏறத்தாழ 8,500 கோடி ரூபாய் என்று 2024-இல் நாடாளுமன்றத்தில் பதில் வந்தது. கனரா வங்கியும் இந்தியன் வங்கியும் இன்னும் சிலவும் 2025-இல்தான் கைவிட்டன.

வங்கித் தரப்புக்கும் சொல்ல ஒன்று உண்டு. கணக்கை நடத்தச் செலவாகிறது. இருப்புத் தொகை தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கும் ஜன்தன் கணக்கும் இருக்கின்றன. வேண்டியவர் அதற்கு மாறிக்கொள்ளலாம். உண்மைதான். ஆனால் மாறலாம் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? படிவம் எந்த மொழியில் இருந்தது? ஒருவருடைய அறியாமையால் வருகிற வருமானத்தை, அவர் அறிந்திருந்தால் வந்திருக்காது என்று தெரிந்தே வாங்கிக்கொள்வது நேர்மையான வியாபாரம் ஆகாது. தள்ளுவண்டியில் காய் விற்பவர் அப்படிச் செய்தால் அந்தத் தெருவில் அடுத்த நாள் வண்டி நிற்காது.

பெரிய கடன்களை வைத்து மக்கள் கேட்கிற கேள்வியும் இங்கேதான் வருகிறது. 2014–15 முதல் பத்து நிதியாண்டுகளில் வங்கிகள் தம் ஏட்டிலிருந்து நீக்கிய வாராக்கடன் 16.35 லட்சம் கோடி ரூபாய். அதைத் தள்ளுபடி என்று சொல்லக் கூடாது, கடன்காரரின் பொறுப்பு அப்படியே இருக்கிறது, வசூல் முயற்சி தொடர்கிறது என்று நிதியமைச்சகம் ஒவ்வொரு முறையும் விளக்குகிறது. விளக்கம் சரி. கணக்கியலில் அது அப்படித்தான். கோபப்படுகிறவர் அதைப் புரிந்துகொள்ளாமல் பேசினால் அவர் வாதம் பலவீனமாகும். ஆனால் புரிந்துகொண்ட பிறகும் ஒன்று உறுத்துகிறது. பெரிய கடன்காரருக்கு நோட்டீஸ், அவகாசம், தீர்ப்பாயம், மேல்முறையீடு, வக்கீல் எல்லாம் உண்டு. 600 ரூபாய்க்காரருக்கு எதுவும் கிடையாது. பிடித்தம் முடிந்த பிறகுதான் விஷயமே தெரிகிறது. அநியாயம் தொகையில் மட்டும் இல்லை. எடுப்பதற்கு முன்னால் ஒருவரிடம் கேட்கிறார்கள், இன்னொருவரிடம் கேட்பதில்லை.

அந்தக் கோபத்தோடு கிளைக்குப் போகிறவர் முன்னால் உட்கார்ந்திருப்பது ஒரு கிளார்க். பெரும்பாலும் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த, தமிழ் இன்னும் சரளமாக வராத இளைஞர். அபராதத்தை அவர் விதிக்கவில்லை. நீக்கும் அதிகாரமும் அவரிடம் இல்லை. சிஸ்டம் எடுத்துவிட்டது என்கிறார். வாடிக்கையாளர் கத்துகிறார், கிளார்க் முறைக்கிறார், வரிசையில் நிற்பவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். முடிவெடுத்தவர்கள் மும்பையில் ஒரு கட்டடத்தில் இருக்கிறார்கள். கோபம் வந்து விழ வேண்டிய இடத்தில் விழாமல், கைக்கெட்டிய ஆள் மேல் விழுகிறது. வீட்டுக்குப் போன பிறகு அது மனைவி மேலோ பிள்ளை மேலோ விழுகிறது. தேசிய அரசியல் குறித்தும் பெரிய வங்கிகள் குறித்தும் சாதாரண மனிதர் சுமக்கிற கசப்பில் பெரும்பகுதி இப்படித் திசை மாறிய கோபம்தான். அதைப் பொறுமையின்மை என்று அவர் மேல் குற்றம் சுமத்துவது நியாயமில்லை. கோபம் போய்ச் சேர வேண்டிய வழியை அடைத்தவர்கள் அதன் சேதத்துக்கும் பொறுப்பு.

சிலப்பதிகாரத்தில் மதுரை அரண்மனைக்கு வந்த கண்ணகி முதலில் எதிர்கொண்டது பாண்டியனை அல்ல, வாயில் காவலனை. அவள் பேச்சின் சூடு முதலில் பட்டதும் அவன் மேல்தான். அவன் பதிலுக்குச் சண்டை போடவில்லை. விரட்டவும் இல்லை. உள்ளே போய், வெளியே நிற்பவளின் கோலத்தையும் கோபத்தையும் உள்ளபடி மன்னனிடம் சொன்னான். மன்னன் வரச் சொன்னான், கேட்டான், சிலம்பு உடைந்ததும் தன் தவறு தெரிந்து உயிரை விட்டான். மன்னனின் நேர்மையைத் தமிழ் காலங்காலமாகப் பேசுகிறது. காவலனை யாரும் அதிகம் நினைப்பதில்லை. அவன் செய்தது சிறிய வேலை. ஆனால் அவன் இல்லையென்றால் வழக்கே இல்லை. கிளையில் உட்கார்ந்திருக்கும் அந்த இளைஞர் வாயிலில்தான் இருக்கிறார். அவருக்குப் பின்னால் உள்ளே போகிற கதவு இல்லை. கேட்டதை மேலே கொண்டுபோகவும் பதிலை வாங்கி வரவும் அவருக்கு அதிகாரமோ கடமையோ தரப்படவில்லை. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் திட்டம் இருக்கிறதே என்று சொல்லலாம். 2021 நவம்பரில் நாடு முழுவதற்கும் ஒன்றாக்கப்பட்ட அந்தத் திட்டத்துக்குக் கட்டணம் இல்லை, நல்ல நோக்கமும் உண்டு. காகிதத்தில் புகார் எழுதினால் சண்டிகருக்கு அனுப்ப வேண்டும். அதற்கு முன்னால் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். 59 ரூபாய்க்காக இதைச் செய்பவர் யார்? செய்ய மாட்டார்கள் என்பதுதான் அந்த 59 ரூபாயின் பாதுகாப்பு.

2025 ஆகஸ்டில் ஒரு தனியார் வங்கி புதிய கணக்குகளுக்கான குறைந்தபட்ச இருப்பை நகரங்களில் 50,000 ரூபாயாக உயர்த்தி, எதிர்ப்பு வந்ததும் சில நாளில் 15,000-க்கு இறக்கியது. நடுவில் ரிசர்வ் வங்கி ஆளுநரிடம் கேட்டபோது, அது வங்கிகள் தாமே முடிவு செய்யும் விஷயம், ஒழுங்குமுறைக்குள் வராது என்றார். சட்டப்படி சரியான பதில். ஆனால் கேட்கிறவருக்கு இன்னொரு கதவும் மூடியது. கிளார்க் தலைமையகத்தைக் காட்டுகிறார், தலைமையகம் இயக்குநர் குழுவைக் காட்டுகிறது, ஒழுங்குபடுத்துபவர் வங்கியைக் காட்டுகிறார். பொறுப்பு எல்லோரிடமும் துண்டு துண்டாக இருப்பதால் யாரிடமும் இல்லை.

தூரத்திலிருக்கும் பெரிய வங்கி புதுச்சேரிக்குப் புதிதல்ல. பிரெஞ்சுக் காலத்தில் இங்கே புழங்கிய ரூபாய் நோட்டையே பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தோசீனா வங்கிதான் வெளியிட்டது. ஆனாலும் வங்கிக்காரர் பதில் சொல்லியே தீர வேண்டியிருந்த காலம் ஒன்று இந்தப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலாகி ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு போயிற்று. ஆள்பவர்களின் இனத்தைச் சேர்ந்த சர் ஜார்ஜ் அர்பத்நாட் குற்றவாளிக் கூண்டில் ஏறி 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். அந்த அடியிலிருந்து பிறந்ததுதான் நம்மவர் கையில் ஒரு வங்கி வேண்டும் என்ற முயற்சி. வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முன்னின்று 1907-இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். இன்று புதுச்சேரியின் முன்னோடி வங்கி அதுதான். போட்ட பணத்துக்கு முகம் தெரிந்த ஒருவர் பதில் சொல்ல வேண்டும் என்ற ஆவேசம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. 1969-இல் நாட்டுடைமையானபோது அந்தப் பொறுப்பு இன்னும் விரிந்திருக்க வேண்டும்.

குடிமக்களின் பங்கு என்ன என்பதையும் கேட்காமல் விட முடியாது. ஓட்டுக்குக் காசு வாங்கியவருக்குக் கேள்வி கேட்க என்ன யோக்கியதை என்று ஒரு பேச்சு புதுச்சேரியிலும் உண்டு, தமிழ்நாட்டிலும் உண்டு. ஓட்டுக்குக் காசு வாங்குவது தவறு. அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தவறு அவருடைய சோற்று உரிமையை ரத்து செய்யாது. குழந்தைகளின் பசிக்கு ஓட்டே கிடையாது. கொடுத்தவர் குற்றத்தை விட்டுவிட்டு வாங்கியவர் வாயை மட்டும் அடைக்கிற வாதம், கொடுத்தவருக்குத்தான் வசதி. என்ன செய்தாலும் ஒன்றும் நடக்காது, எல்லோரும் ஒன்றுதான் என்று ஒதுங்கிவிடுகிற கசப்பில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. கசந்தவர் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறார். கேட்பார் இல்லாத இடத்தில் அடுத்த பிடித்தம் சுலபமாகிறது.

கேட்டுப் பெற்ற வரலாறும் இந்த ஊருக்கு உண்டு. 1936 ஜூலை 30-ஆம் தேதி புதுச்சேரியின் சவானா மில்லில் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளிகள் செத்தார்கள். அவர்கள் கேட்டதில் ஒன்று எட்டு மணி நேர வேலை. ஓட்டு பலமோ வங்கிக் கணக்கோ இல்லாதவர்கள். ஆண்டவர்கள் கடல் கடந்து இருந்தார்கள். வ. சுப்பையாவின் தலைமையில் அவர்கள் ஒன்றாக நின்று கேட்டதால் அடுத்த ஆண்டே பிரெஞ்சு இந்தியாவில் அந்த உரிமை கிடைத்தது. அந்தத் தியாகத்தை இங்கே சொல்வது, தூரம் என்பதே தோல்வி அல்ல என்பதற்காக. ஆனால் 59 ரூபாய்க்காக எவரும் உயிரைக் கொடுக்க வேண்டிய நாடாக இது இருக்கக் கூடாது. கேட்பதற்கே வீரம் வேண்டும் என்றால் வெட்கப்பட வேண்டியது கேட்பவர் அல்ல.

2024 மக்களவைத் தேர்தலில் புதுச்சேரியில் ஆளும் கூட்டணி தோற்றது. மூடிக் கிடந்த ரேஷன் கடைகள் அந்தத் தேர்தலில் வீட்டுக்கு வீடு பேசப்பட்டன. அக்டோபரில் முதலமைச்சர் ரங்கசாமி கடைகளைத் திறந்தார். தீபாவளிக்குக் கார்டுக்கு 10 கிலோ அரிசியும் 2 கிலோ சர்க்கரையும் தந்தார்கள். ஒரே ஓர் இடம்தான் என்றாலும் அந்த ஓட்டு எங்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆனால் 1963-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியேதான் இருக்கிறது. முதலமைச்சரும் ஆளுநரும் இணக்கமாக இருக்கிற காலத்தில் திறந்த கடை, பிணக்கு வந்தால் மறுபடி என்னாகும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வங்கிகள் அபராதத்தை நிறுத்தியதும் தாமாக மனமிரங்கித்தான். நாளைக்கு வேறொரு பெயரில் திரும்ப வரலாம். எஸ்எம்எஸ் கட்டணம், அட்டைக் கட்டணம் என்று பெயர்களுக்குப் பஞ்சமில்லை.

சோற்றுப் பணத்தில் யாரும் கை வைக்காமல் காப்பதற்கு இந்தியச் சட்டத்திலேயே பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. 1871-ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம், அரசு தருகிற ஓய்வூதியத்தைக் கடன்காரர் நீதிமன்ற உத்தரவு வாங்கி வந்தாலும் ஜப்தி செய்ய முடியாது என்கிறது. வயதான காலத்துச் சோறு அது, அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசுக்கே தோன்றியிருக்கிறது. உண்மையாகவே கடன் கொடுத்தவருக்குக் கூடத் தொட அனுமதி இல்லாத தொகை அது. உணவுக்கென்று அரசு போடுகிற பணம் அதைவிட எந்த விதத்தில் குறைந்தது? அந்தத் தொகை எந்தக் கணக்கில் விழுந்தாலும், அதிலிருந்து அபராதமோ கட்டணமோ கடன் தவணையோ கணக்கு வைத்திருப்பவரின் கையெழுத்து இல்லாமல் எடுக்கக் கூடாது என்று ஒரு வரிச் சட்டம் போதும். வங்கிக்கு ஆகிற செலவை, வங்கி வழியாகத்தான் கொடுப்பேன் என்று முடிவு செய்த அரசே கொடுக்கட்டும். 2017-இல் விலக்கு வருவதற்கு முன்பு அப்படிப்பட்ட கணக்குகளில் பிடித்ததைக் கணக்குப் பார்த்துத் திருப்பித் தரட்டும். பாஸ்புக்கில் பற்று எழுதுமுன் ஏன் என்று தமிழில் ஒரு வரி அச்சிடட்டும். அந்த வரிக்குக் கீழே, போய்க் கேட்க வேண்டிய அலுவலரின் பெயரும் அவர் உட்காரும் தெருவும் புதுச்சேரிக்குள்ளேயே இருக்கட்டும்.